சி டிரைவ்ல 200 ஜிபி சும்மா கெடக்கு, உபுண்டுல மூச்சு விட இடமில்ல. பார்ட்டிஷன் சைஸை எப்படி மாத்துறது?

தாமிரபரணி_மலர்
ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மண்டை காயுது, தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

என் லேப்டாப்ல விண்டோஸ் 11-ம் உபுண்டு 24.04-ம் டூயல் பூட்டா ஓடுது. விண்டோஸை தூக்க முடியாது, காலேஜ்ல மார்க் என்ட்ரி பண்ற சாஃப்ட்வேர் அதுலதான் ஓடும், ஸ்கேனர் டிரைவரும் அதுக்கு மட்டும்தான் இருக்கு. ஆனா மத்த நேரம் முழுக்க உபுண்டுதான். பழைய தமிழ் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி, ஸ்கேன் டெய்லர்ல பக்கத்தை நேராக்கி, டெசராக்ட்ல ஓசிஆர் போட்டு (படத்துல இருக்குற எழுத்தை டெக்ஸ்டா மாத்துறது), திருத்தி விக்கிமூலத்துல ஏத்துறேன். மூணு வருஷம் முன்னாடி போடும்போது உபுண்டுக்கு 50 ஜிபி தாராளம்னு நெனச்சு கொடுத்துட்டேன். இப்ப ஒரு புத்தகத்தோட டிஃப் படங்களே பல ஜிபி வருது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பாஸ்வேர்ட் போட்டா திரை ஒரு தடவை கறுத்துட்டு திரும்ப பாஸ்வேர்டே கேக்குது. பத்து தடவை போட்டேன், அதே கதைதான். அப்புறம் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி கறுப்பு திரைக்கு போய் பாத்தா டிஸ்க் 100 சதவீதம். கொஞ்சம் ஃபைலை அழிச்சப்புறம்தான் உள்ளயே விட்டுச்சு.

டிஸ்க் 512 ஜிபி எஸ்எஸ்டி, காட்டுறது 476. பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரிச்சு வச்சிருக்குற பகுதிங்க, இடமிருந்து வலமா இப்படி இருக்கு: பூட் ஆகத் தேவையான இஎஃப்ஐ 260 எம்பி, அப்புறம் சி டிரைவ் 418 ஜிபி, அப்புறம் உபுண்டு 50, அப்புறம் ஸ்வாப் (மெமரி பத்தாதப்ப உதவுற இடம்) 8, கடைசியில விண்டோஸோட ரெக்கவரி 800 எம்பி. சி-ல பாதிதான் நெறஞ்சிருக்கு, 200 ஜிபிக்கு மேல காலி. அதுல 100 ஜிபி உபுண்டுக்கு வேணும், அவ்வளவுதான் என் ஆசை.

விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ஷ்ரிங்க் கொடுத்தா, 200 ஜிபி காலியா இருந்தும் வெறும் 11 ஜிபிதான் குறைக்க முடியும்னு சொல்லுது. சரி வந்தவரைக்கும் லாபம்னு அந்த 11-ஐ குறைச்சுட்டேன், கறுப்பு பட்டையா காலி இடமும் வந்துடுச்சு. உபுண்டுல பார்ட்டிஷனை மாத்துற ஜிபார்ட்டெட் சாஃப்ட்வேரைத் தொறந்து உபுண்டு பார்ட்டிஷனை அந்த காலி இடத்துக்குள்ள இழுக்கலாம்னு பாத்தா அசையவே மாட்டேங்குது, பக்கத்துல சாவி மாதிரி ஒரு சின்னம் வேற. காலி இடம் ஒட்டிதானே இருக்கு, ஏன் இழுக்க விடமாட்டேங்குது?

இன்னொன்னு, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி பக்கத்துல பிட்லாக்கர்னு எழுதியிருக்கு. நான் அதை எப்பவுமே ஆன் பண்ணதில்ல. அதால ஏதும் பிரச்சனையா?

---

வடசென்னை_டெக்கி
ஞாயிறு, இரவு 11.15

சிஸ்டர், சாவி சின்னம் இருந்தா அந்த பார்ட்டிஷன் இப்ப ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். நீங்க உக்காந்திருக்குற கிளையை நீங்களே நகத்த முடியாது இல்லையா, அதான். உபுண்டு போட்ட யூஎஸ்பி இருந்தா எடுங்க, இல்லன்னா புதுசா ஒன்னு ரெடி பண்ணுங்க, அதுல இருந்து பூட் பண்ணி "ட்ரை உபுண்டு" கொடுத்து உள்ள போய் அங்க ஜிபார்ட்டெட்டை ஓபன் பண்ணுங்க. அங்க சாவி இருக்காது, இருந்தா ஸ்வாப் பார்ட்டிஷன்ல மட்டும் இருக்கும், அதுல ரைட் கிளிக் பண்ணி ஸ்வாப் ஆஃப் கொடுத்துடுங்க. அப்புறம் உபுண்டு பார்ட்டிஷனோட இடது ஓரத்தை புடிச்சு இழுத்து அப்ளை. நான் போன வருஷம் இதே மாதிரி பண்ணேன், எஸ்எஸ்டிங்கறதால அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடுச்சு, எந்த ஓஎஸ்னு கேக்குற பூட் மெனு, அதான் குரப், எல்லாம் அப்படியே வந்துச்சு.

---

கரிசல்_பெங்குவின்
திங்கள், காலை 6.20

மலர் மேடம், மேல தம்பி சொன்னது நடக்கும், தப்பு ஒன்னுமில்ல. ஆனா நீங்க அப்ளை அழுத்துறதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

ஒரு பார்ட்டிஷனை மனை மாதிரி நெனச்சுக்கோங்க. உபுண்டு பயன்படுத்துற எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் தன்னோட ஒவ்வொரு பிளாக்குக்கும் வாசல்ல இருந்து நம்பர் போட்டு வச்சிருக்கும். கொல்லைப் பக்கம் இடம் கூடுனா கவலையே இல்ல, கடைசி நம்பருக்கு அப்புறம் புது நம்பர் போட்டுக்கிட்டே போவும், அதை ஓடிட்டு இருக்கும்போதே பண்ணலாம், சில நொடிதான். ஆனா வாசலையே முன்னாடி தள்ளணும்னா எல்லா நம்பரும் மாறிடும், அதனால உள்ள இருக்குற மொத்த டேட்டாவையும் தூக்கிட்டு போய் புது வாசல்ல இருந்து திரும்ப அடுக்கணும். உங்க காலி இடம் சி-யோட வலது ஓரத்துல, அதாவது உபுண்டுக்கு இடது பக்கம், வாசல் பக்கம். அதான் இழுக்க விடல. யூஎஸ்பில இருந்து போனா விடும், ஆனா நீங்க வச்சிருக்குற 40 சொச்சம் ஜிபியும் இடம் மாறும். அந்த நேரத்துல பாதியில நின்னா முன்பாதி புது இடத்துல, பின்பாதி பழைய இடத்துல. அந்த நிலையில ரெண்டையும் சேத்து வச்சு பாக்க எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் தெரியாது.

அதனால நான் சொல்றது, உபுண்டு பார்ட்டிஷனை நகத்தவே வேணாம். காலி இடத்துல புதுசா ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போடுங்க, உங்க ஹோம் ஃபோல்டரை மட்டும் அதுக்கு மாத்துங்க. உங்க ஸ்கேன் படம் எல்லாம் ஹோம்லதானே இருக்கும்? பழைய டேட்டா பழைய இடத்துலயே இருக்கும், காப்பிதான் புது இடத்துக்கு போவும், நடுவுல என்ன ஆனாலும் இழப்பு கெடையாது. இது ஒன்னுதான் நான் அழுத்தி சொல்றது: எவ்வளவு கம்மியா நகத்துறோமோ அவ்வளவு நல்லது.

இப்ப சி ஏன் 11 ஜிபிக்கு மேல குறையலன்னா, விண்டோஸ் ஓடும்போது சில ஃபைலை அதால நகத்த முடியாது. ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் சேமிச்சு வச்சது, விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்-ஓட ஃபைல் பட்டியல் எம்எஃப்டி, இதுல ஏதாவது ஒன்னு டிரைவோட கடைசிப் பக்கம் போய் உக்காந்திருந்தா அதைத் தாண்டி குறைக்காது. பஸ்ல கடைசி சீட்ல ஒருத்தர் உக்காந்திருந்தா நடுவுல எத்தனை சீட் காலியா இருந்தும் பின்னாடி பக்கத்தை வெட்ட முடியாதுல்ல, அது மாதிரி. எந்த ஃபைல்னு ஊகிக்க வேணாம், விண்டோஸே எழுதி வச்சிருக்கும். ஷ்ரிங்க் கொடுத்து பாத்த உடனே ஈவென்ட் வியூவர் தொறந்து, விண்டோஸ் லாக்ஸ்ல அப்ளிகேஷன் போய், 259-ன்னு நம்பர் போட்ட ஈவென்ட்டை தேடுங்க. கடைசியா நகராம நின்ன ஃபைல் பேரு அதுல இருக்கும்.

செய்ய வேண்டியது என்னன்னா, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா தொறந்து பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப் அடிங்க, ஹைபர்னேஷன் போயிடும், கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போயிடும். அது டூயல் பூட்ல இருக்கவே கூடாத ஒன்னு, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா மூடாம பாதி தூக்கத்துல இருக்கும், லினக்ஸ்ல சி டிரைவைத் தொறந்தா படிக்க மட்டும்தான் விடும். அடுத்து வர்ச்சுவல் மெமரி செட்டிங்ல பேஜ் ஃபைலை நோ-ன்னு மாத்துங்க, சிஸ்டம் புரொடெக்ஷனை ஆஃப் பண்ணி பழைய ரீஸ்டோர் பாயின்ட்டை அழிங்க, ரீஸ்டார்ட் பண்ணிட்டு திரும்ப ஷ்ரிங்க் பாருங்க. வேலை முடிஞ்சதும் பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் மறக்காம திரும்ப ஆன் பண்ணிடுங்க, ஹைபர்னேஷன் மட்டும் ஆஃப்லயே இருக்கட்டும்.

பிட்லாக்கர் விஷயம் முக்கியம். நீங்க ஆன் பண்ணலன்னாலும் இப்ப வர்ற பல லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி செட்டப் பண்ணா தானாவே டிரைவை பூட்டிடுது. அதோட 48 இலக்க ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்துல இருக்கும். மொதல்ல அதை எடுத்து ஒரு பேப்பர்ல கையால எழுதி வைங்க, அதே லேப்டாப்ல ஃபைலா வச்சா பிரயோஜனம் இல்ல. சி-யை குறைக்கிறதை விண்டோஸ்லயே பண்ணுங்க, பூட்டுன சி-யை ஜிபார்ட்டெட்டால குறைக்க முடியாது. ஆரம்பிக்கும்போது பிட்லாக்கரை சஸ்பெண்ட்ல போட்டுக்கோங்க.

---

காவிரிக்கரை
திங்கள், காலை 9.05

பேக்கப் பத்தி யாரும் இன்னும் பேசல, அதனால நான் சொல்றேன். மலர், உங்க ஸ்கேன் எல்லாம் வேற ஒரு இடத்துல காப்பி இருக்கா? இல்லன்னா மேல சொன்ன எதையும் இன்னைக்கு ஆரம்பிக்காதீங்க.

எங்க ஆச்சி பாடுன நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரின்னு நாலு வருஷமா நான் ரெக்கார்ட் பண்ணி டெஸ்க்டாப்ல வச்சிருந்தேன். அதுவும் டூயல் பூட்தான், ஆனா சுத்துற ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இல்ல. 300 ஜிபிக்கு மேல இருந்த லினக்ஸ் பார்ட்டிஷனை இடது பக்கமா இழுத்து அப்ளை கொடுத்தேன், மூணு மணி நேரம் ஆகியும் பாதிகூட ஆகல, சரி ஓடட்டும்னு சமைக்கப் போனேன். மிக்ஸி சத்தம் சட்டுன்னு நின்னுச்சு, ஃபேனும் நின்னுச்சு, கரன்ட் போயிடுச்சுன்னு தெரிஞ்ச அந்த நொடி கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு. யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசம் ஆகியிருந்துச்சு, மாத்தணும் மாத்தணும்னு தள்ளிப் போட்டிருந்தேன்.

திரும்ப ஆன் பண்ணப்ப அந்த பார்ட்டிஷன் தொறக்கவே இல்ல. ஒரு கடையில கொடுத்தேன், டேட்டாவை எடுத்துத் தர்றேன்னு காசை வாங்கிட்டு ஒரு மாசம் கழிச்சு டிஸ்க்கை அப்படியே கொடுத்தாங்க. அப்புறம் நானே ஃபோட்டோரெக்னு தொலைஞ்ச ஃபைலை மீட்குற சாஃப்ட்வேர் போட்டு ரெண்டு நாள் ஓட விட்டேன். நெறைய ஆடியோ வந்துச்சு, ஆனா ஒரு ஃபைலுக்கும் பேரு இல்ல, ஃபோல்டர் இல்ல, எல்லாம் வெறும் நம்பர். எது எந்த ஊர்ல எடுத்தது, எது எந்தப் பாட்டுன்னு ஒவ்வொன்னா கேட்டுதான் கண்டுபுடிச்சேன், சிலது பாதியிலயே அறுந்திருக்கு. ஆச்சி அப்பவே தவறிட்டாங்க, திரும்பப் பாடச் சொல்ல முடியாது.

ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி காப்பி எடுத்து, அதை வேற கம்ப்யூட்டர்ல சொருகி நாலு ஃபைல் தொறந்து பாத்துட்டு அப்புறம் ஆரம்பிங்க. காப்பி பண்ணேன்னு சொல்றதும் தொறந்து பாத்தேன்னு சொல்றதும் ஒன்னு இல்ல.

---

தாமிரபரணி_மலர்
திங்கள், மாலை 5.50

கரிசல் அண்ணா, வாசல் கொல்லைன்னு சொன்னதும்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது, மனசார நன்றி. காவிரி அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒன்னும் ஓடல. என்கிட்ட காப்பி இல்ல. இன்னைக்கே 1 டிபி டிஸ்க் வாங்கிட்டேன், இப்ப காப்பி ஓடிட்டு இருக்கு.

சி விஷயம் சொல்றேன். 259 ஈவென்ட் பாத்தேன், மொதல்ல பேஜ் ஃபைல் பேரு இருந்துச்சு. அண்ணா சொன்ன மூணையும் ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணதும் 130 ஜிபிக்கு மேல குறைக்கலாம்னு வந்துச்சு! 90 ஜிபி இன்னும் எடுத்துக்கலாம்னு இருக்கேன், ஏற்கனவே இருக்குற 11-ஓட சேந்து 101 வரும். அந்தப் பெட்டியில எம்பில கேக்குது, 90000-ன்னு போடணுமா?

ரெண்டு சந்தேகம். ஒன்னு, பக்கத்துல சும்மா இருக்குற அந்த 8 ஜிபி ஸ்வாப்பை எடுத்து உபுண்டுக்கு கொடுக்கலாமா, அது வலது பக்கம்தானே இருக்கு, கொல்லைப் பக்கம்? ரெண்டு, ஹோமை மாத்துறது எப்படின்னு கொஞ்சம் வெளக்கமா சொல்ல முடியுமா, எனக்கு டெர்மினல் ஓரளவுக்குத்தான் வரும்.

---

கரிசல்_பெங்குவின்
திங்கள், இரவு 9.30

92160 போடுங்க, 90-ஐ 1024-ஆல பெருக்குனது.

ஸ்வாப் கேள்வி நல்ல கேள்வி. ஆமா, அது கொல்லைப் பக்கம், எடுக்கலாம், எடுத்துட்டு உபுண்டுக்குள்ளயே ஸ்வாப் ஃபைல் வச்சுக்கலாம், உபுண்டு 17.04-ல இருந்து புதுசா போடும்போது அப்படித்தான் வருது. ஆனா ஸ்வாப்பை அழிச்சா எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்த பார்ட்டிஷனை எங்க இணைக்கணும்னு எழுதியிருக்குற ஃபைல்) அதோட வரியையும் எடுக்கணும், இல்லன்னா ஒவ்வொரு பூட்டுலயும் இல்லாத ஸ்வாப்பை தேடிக்கிட்டு ஒன்றரை நிமிஷம் நிக்கும். உங்களுக்கு 101 ஜிபி வருதுல்ல, இப்போதைக்கு அதைத் தொட வேணாம்.

ஹோம் மாத்துறதுக்கு லைவ் யூஎஸ்பில பூட் பண்ணுங்க, அப்பதான் காப்பி ஓடும்போது ஃபைல் எதுவும் மாறாம இருக்கும். ஜிபார்ட்டெட்ல சாம்பல் கலர்ல தெரியுற காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி நியூ, ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4, லேபிள்னு இருக்குற இடத்துல வீடுன்னோ ஹோம்னோ ஏதாவது அடையாளம் வச்சுக்கோங்க, பச்சை டிக்கை அழுத்தி அப்ளை. சாம்பல் கலர் இடத்துலதான் கிளிக் பண்றோமான்னு ரெண்டு தடவை பாருங்க.

அப்புறம் ரெண்டு பார்ட்டிஷனையும் மவுன்ட் பண்ணி, அதாவது ஃபோல்டரா தொறக்குற மாதிரி இணைச்சு, பழைய ஹோமுக்குள்ள இருக்குறதை ஆர்சிங்க் கமாண்ட்ல புதுசுக்கு காப்பி பண்ணுங்க. சின்ன ஏ, பெரிய ஏ, பெரிய எக்ஸ் ஆப்ஷன் மூணும் போடணும், அப்பதான் யாருக்கு என்ன பர்மிஷன்ங்கறது எல்லாம் அப்படியே வரும், சூடோவோட (அட்மின் உரிமையோட) ஓட்டணும். ஒரு இடத்துல எல்லாரும் தடுக்கி விழுவாங்க: பழைய ஹோம் பாதைக்கு கடைசியில ஸ்லாஷ் கண்டிப்பா வேணும். ஸ்லாஷ் இருந்தா ஃபோல்டருக்கு உள்ள இருக்குறது மட்டும் போவும். இல்லன்னா ஃபோல்டரோடயே போய் உக்காந்துடும், அப்புறம் ஹோமுக்குள்ள ஒரு ஹோம், பூட் ஆனதும் உங்க ஃபைல் ஒன்னையும் காணோம்னு பதறுவீங்க.

முடிஞ்சதும் பழைய ஹோமை ஹோம்-பழசுன்னு பேரு மாத்துங்க, அழிக்காதீங்க. அதே இடத்துல ஹோம்னு காலி ஃபோல்டர் ஒன்னு உண்டாக்குங்க. பிளாக்ஐடி கமாண்ட் அடிச்சா புது பார்ட்டிஷனோட யூயூஐடி, அதாவது தனி அடையாளக் குறி வரும், அதை அப்படியே காப்பி பண்ணி பழைய உபுண்டுல இருக்குற எஃப்எஸ்டேப்ல ஒரு வரியா சேருங்க: யூயூஐடி, அப்புறம் ஹோம் பாதை, எக்ஸ்ட்4, டிஃபால்ட்ஸ், 0, 2. லைவ் யூஎஸ்பிக்கும் சொந்தமா ஒரு எஃப்எஸ்டேப் இருக்கும், அதைத் தொறந்து எழுதிட்டு ஒன்னும் நடக்கலன்னு நிக்காதீங்க. யூயூஐடியை கையால அடிக்காதீங்க, ஒரு எழுத்து மாறுனா எமர்ஜென்சி மோடுக்கு போயிடும். அப்படிப் போனாலும் பயப்பட வேணாம், டேட்டாவுக்கு ஒன்னும் ஆவாது, திரும்ப லைவ் யூஎஸ்பில வந்து வரியைத் திருத்துனா போதும்.

இன்னொன்னு, இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி இப்ப இடத்தை யாரு தின்னுட்டு இருக்கான்னு டிஸ்க் யூசேஜ் அனலைசர்ல பாருங்க. ட்ராஷ், ஸ்நாப் ஆப்களோட பழைய பதிப்பு, சிஸ்டம் எழுதுற ஜர்னல் லாக் மூணும் வழக்கமான ஆளுங்க. எக்ஸ்ட்4 தன்னிஷ்டத்துக்கு 5 சதவீதத்தை ரூட்டுன்னு சொல்ற அட்மின் யூசருக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கும், உங்க 50-ல அது ரெண்டரை ஜிபி. புது பார்ட்டிஷன் வெறும் ஹோம்தானே, அதுல ட்யூன்2எஃப்எஸ் கமாண்ட் வச்சு 1 சதவீதமா குறைச்சுக்கலாம்.

---

வடசென்னை_டெக்கி
திங்கள், இரவு 10.10

கரிசல் அண்ணன் சொல்றது கரெக்ட், நான் பண்ணப்ப டேட்டா கம்மி, அதுவும் எல்லாம் வேற டிரைவ்ல பேக்கப் இருந்துச்சு, அதை நான் மொதல்ல சொல்லாம விட்டது தப்பு. காவிரி அக்கா, சாரிக்கா, படிச்சதும் கஷ்டமா போச்சு.

ஒரு விஷயம் மட்டும் சேத்துக்கறேன். விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் ஓபன் பண்ணும்போது எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் பேரே இல்லாம ஏதோ காலியா இருக்குற மாதிரி தெரியும். சில சமயம் அதுக்கு டிரைவ் லெட்டர் விழுந்துட்டா "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணணும்"னு ஒரு பெட்டி வரும், என் தம்பி பழக்கதோஷத்துல ஓகே அழுத்திட்டான், மொத்த லினக்ஸும் போச்சு. அந்தப் பெட்டி வந்தா கேன்சல் மட்டும்தான். வீட்ல வேற யாராவது அந்த லேப்டாப்பை தொடுறதா இருந்தா அவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

---

மின்ட்_ரசிகன்
செவ்வாய், மதியம் 1.25

இங்கயே என் சந்தேகத்தையும் கேட்டுக்கலாமா? டெஸ்க்டாப், 1 டிபி ஹார்ட் டிஸ்க், பழைய பயாஸ், பார்ட்டிஷன் பட்டியலும் பழைய எம்பிஆர் முறை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் நின்னுடுச்சு, 11 இதுல ஏறாது, அதனால விண்டோஸையே எடுத்துட்டு மொத்தத்தையும் லினக்ஸ் மின்ட்டுக்கு கொடுக்கலாம்னு இருக்கேன். விண்டோஸ் இடது பக்கம் 600 ஜிபி, மின்ட் வலது பக்கம் ஒரு எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனுக்குள்ள 300 ஜிபி. விண்டோஸை டெலீட் பண்ணிட்டு மின்ட்டை இழுத்து விட்டா குரப் போயிடுமா?

---

கரிசல்_பெங்குவின்
செவ்வாய், மதியம் 3.40

தம்பி, நீங்களும் இழுக்காதீங்க. எம்பிஆர்ல எக்ஸ்டென்டட்ங்கறது ஒரு பெட்டி, மின்ட் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. மொதல்ல பெட்டியை இடது பக்கம் பெருசாக்கணும், அப்புறம் உள்ள இருக்குற 300 ஜிபியை நகத்தணும், அதுவும் சுத்துற டிஸ்க்ல. காவிரி சொன்ன அதே நெலமைதான்.

விண்டோஸ்ல இருக்குற உங்க ஃபைலை எல்லாம் வெளிய எடுத்துட்டு, அந்த பார்ட்டிஷனை டெலீட் பண்ணாம எக்ஸ்ட்4-ஆ ஃபார்மேட் மட்டும் பண்ணுங்க, அதை ஹோமாவோ டேட்டான்னு ஒரு ஃபோல்டராவோ மவுன்ட் பண்ணிக்கோங்க. குரப் ஒன்னும் ஆவாது, எம்பிஆர்ல அது டிஸ்க்கோட மொதல் செக்டார்லயும் அதுக்கு அடுத்து இருக்குற இடைவெளியிலயும் இருக்கும், மிச்சம் மின்ட்டுக்குள்ள இருக்கும். ஆனா எக்ஸ்டென்டட்டுக்குள்ள பார்ட்டிஷனை அழிச்சு சேத்து விளையாடுனா 5, 6, 7-ன்னு இருக்குற நம்பர் மாறும், அப்பதான் குரப் ரெஸ்க்யூன்னு கறுப்பு திரை வரும். கடைசியா ஒரு தடவை அப்டேட் குரப் கொடுத்தா மெனுல இருந்து விண்டோஸ் பேரு போயிடும்.

இதைப் படிக்கிற வேற யாராவது புது யூஇஎஃப்ஐ மெஷின்ல விண்டோஸை எடுக்கறதா இருந்தா, அந்த 100 இல்ல 260 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனை விண்டோஸோடதுன்னு நெனச்சு அழிச்சுடாதீங்க, உங்க லினக்ஸோட குரப்பும் அதுலதான் இருக்கு.

---

மின்ட்_ரசிகன்
செவ்வாய், மாலை 4.05

ஃபார்மேட் மட்டும் பண்ணா போதும்னு தோணவே இல்ல அண்ணா. பெரிய நன்றி. மொதல்ல யூபிஎஸ் பேட்டரியைப் பாக்குறேன்.

---

தாமிரபரணி_மலர்
சனி, காலை 11.30

முடிஞ்சுடுச்சு!! எல்லாருக்கும் கடன்பட்டிருக்கேன், நடந்ததை எழுதி வைக்கிறேன், என்னை மாதிரி தேடி வர்றவங்களுக்கு உதவும்.

பேக்கப் எடுத்ததும் காவிரி அக்கா சொன்ன மாதிரி காலேஜ் லேப் கம்ப்யூட்டர்ல சொருகி தொறந்து பாத்தேன். ரெண்டு ஃபோல்டர்ல படம் பாதிதான் இருந்துச்சு, ஏன்னே தெரியல, நடுவுல கேபிள் ஆடியிருக்கணும். திரும்ப எடுத்தேன். தொறந்து பாக்கலன்னா எனக்கு அது தெரிஞ்சே இருக்காது அக்கா.

கீயை நோட்டுப் புத்தகத்துல எழுதி வச்சேன், ஆறு ஆறு எண்ணா எட்டு கட்டு. அது ரொம்பவே உதவுச்சு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணியும், யூஎஸ்பில பூட் ஆக பயாஸ்ல செட்டிங் மாத்திட்டு அப்புறம் விண்டோஸுக்குள்ள போறப்ப நீல திரை வந்து 48 இலக்கத்தையும் கேட்டுச்சு. கை நடுங்க பாத்து பாத்து அடிச்சேன், தொறந்துடுச்சு. ஒருவேளை சஸ்பெண்ட் ஒரு ரீஸ்டார்ட்டோட தானா முடிஞ்சிருக்கலாம், எதுவானாலும் பேப்பர் கையில இல்லன்னா அன்னைக்கு நான் அழுதிருப்பேன்.

92160 குறைச்சேன், ரெண்டு காலி இடமும் ஒன்னா சேந்து 101 ஜிபியா தெரிஞ்சுது. பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் அப்பவே திரும்ப ஆன் பண்ணிட்டேன். டிஸ்க் யூசேஜ் அனலைசர்ல பாத்தா ட்ராஷ்ல மட்டும் ஆறு ஜிபி இருந்துச்சு, பழைய ஸ்கேன் எல்லாம் அழிச்சுட்டேன்னு நெனச்சது அங்கதான் கெடந்துருக்கு. அதைக் காலி பண்ணிட்டு, ஜர்னலையும் குறைச்சுட்டு, அப்புறம்தான் காப்பி ஓட்டுனேன். 27 ஜிபி, அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஸ்லாஷ் போட்டேன், ஹோமுக்குள்ள ஹோம் வரல. ஆனா எஃப்எஸ்டேப்ல எக்ஸ்ட்4-க்கும் டிஃபால்ட்ஸுக்கும் நடுவுல ஸ்பேஸ் விட மறந்து ரெண்டும் ஒட்டிக்கிச்சு, மொத பூட்டுலயே எமர்ஜென்சி மோட் வந்துச்சு. அண்ணா முன்னாடியே சொல்லியிருந்ததால பதறல, யூஎஸ்பில போய் திருத்துனேன், அடுத்த தடவை நேரா உள்ள போயிடுச்சு, வால்பேப்பர்கூட மாறல.

இப்ப ரூட்ல, அதான் பழைய உபுண்டு பார்ட்டிஷன்ல, பழைய ஹோமைச் சேத்து 40 ஜிபி, புது ஹோம்ல 70-க்கு மேல காலி. வியாழன் ராத்திரியே பாதியில நின்னிருந்த புத்தகத்தை எடுத்து மிச்சம் இருந்த 112 பக்கத்தையும் ஓசிஆர் போட்டேன்.

அந்த ஹோம்-பழசு ஃபோல்டரை எப்ப அழிக்கலாம் அண்ணா?

---

கரிசல்_பெங்குவின்
சனி, மதியம் 12.15

ரொம்ப சந்தோஷம் மேடம். ஸ்பேஸ் விட்டுப்போனதுக்கு ஒரு வழி இருக்கு, அடுத்த தடவை உபுண்டு ஓடும்போது எஃப்எஸ்டேப்ல கை வச்சா ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஃபைண்ட்எம்என்டி கமாண்டை வெரிஃபை ஆப்ஷனோட அடிங்க, எந்த வரியில தப்புன்னு அங்கயே சொல்லிடும்.

பழசை ரெண்டு வாரம் விட்டு வைங்க. ஃபயர்ஃபாக்ஸ், ஸ்கேன் டெய்லர், நீங்க தெனம் தொடுற எல்லாத்தையும் ஒரு சுத்து தொறந்து பாத்துட்டு அப்புறம் அழிங்க, ரூட்ல 27 ஜிபி திரும்ப வந்துடும். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருக்குறதை மட்டும் அழிக்காதீங்க.

---

காவிரிக்கரை
சனி, மதியம் 1.40

மலர், 112 பக்கமும் ஏத்துனதும் அது என்ன புத்தகம்னு இங்க சொல்லுங்க, பிழை திருத்த நான் வர்றேன்.